ஹார்மோன் சிகிச்சையும் என் உச்சந்தலையும்: ஐந்து வருட அனுபவம்

முப்பத்து மூன்று வயது வரை தலைமுடியைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. அப்பாவுக்கு முப்பதிலேயே ஏறுநெற்றி. சித்தப்பாக்கள் இரண்டு பேருக்கும் உச்சியில் சொட்டை. அண்ணன் தன் கல்யாண ஆல்பத்திலேயே வகிடை இடம் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்திருப்பது தெரியும். எனக்கு மட்டும் பத்தாம் வகுப்பு ஹால்டிக்கெட் போட்டோவில் இருந்த அதே நெற்றி. "இவனுக்கு மட்டும் எங்க வீட்டு முடி" என்று அம்மா வழிப் பெரியம்மா பெருமையடித்துக்கொள்வார். திருப்பூரில் நான் வழக்கமாகப் போகும் சலூன்காரத் தம்பி, முடியை மெலிதாக்கும் பல்லுக் கத்தரியை எடுக்காமல் எனக்கு வெட்டியதே கிடையாது.

அந்த முடியே ஒரு குறைபாட்டின் அடையாளம் என்று 2019 நவம்பரில் தெரிந்தது.

கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. மனைவிக்கு எல்லா டெஸ்டும் முடிந்து, எல்லாம் சரியாக இருந்து, அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்கள். (இந்த வரிசை ஏன் இப்படியே இருக்கிறது என்று எனக்கு இன்னும் கோபம் உண்டு.) விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். கோயம்புத்தூரில் ஒரு ஹார்மோன் டாக்டரிடம் அனுப்பினார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 168 நானோகிராம். 300க்குக் கீழே இருந்தாலே குறைவு என்பது பொதுவான அளவுகோல். விதைகளை வேலை செய்யச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களும் எகிறிக் கிடந்தன. மூளை சாட்டையைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது, மாடு நகரவில்லை என்று அர்த்தம். குரோமோசோம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு மூன்று வாரம் காத்திருந்தோம். எக்ஸ்ஒய் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ்எக்ஸ்ஒய். க்ளைன்ஃபெல்டர் சிண்ட்ரோம். ஏறக்குறைய அறுநூறு ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கிறதாம். பெரும்பாலோருக்குக் கடைசி வரை தெரியாமலே போய்விடுகிறது.

டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஷேவ் பண்றீங்க?" என்றார். வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் ஆபீசில் எல்லாரும் செய்கிறார்களே என்பதற்காக. அப்புறம் தலையைப் பார்த்தார். "அப்பாவுக்குச் சொட்டையா?" ஆமாம் என்றேன். "அந்த விதை உங்க தலையிலயும் விழுந்திருக்கும். இதுவரைக்கும் தண்ணி பாயல, அவ்வளவுதான். இனி தண்ணி விடப் போறோம். முடி போகலாம், இப்பவே சொல்லிடறேன்."

தலையாட்டினேன். அன்றைக்கு என் காதில் விழுந்தது வேறு விஷயங்கள். குழந்தைக்கான வழி, எலும்பு ஸ்கேனில் என் இடுப்பெலும்பு அறுபது வயதுக்காரருடையது போல் இருந்தது, ஹீமோகுளோபின் 11.6இல் நின்றது. இரண்டாம் மாடி ஆபீசுக்கு ஏறினால் மூச்சு வாங்கியதற்கும், மத்தியானம் மூன்று மணிக்குக் கணக்கு லெட்ஜர் மேலேயே தூங்கி விழுந்ததற்கும் சோம்பேறித்தனம் காரணமில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. விதைப்பையில் அறுவை செய்து அணு தேடும் முயற்சி ஒன்று நடந்தது. கிடைக்கவில்லை. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

இதை எழுதுவதற்குக் காரணம், இந்த சிகிச்சையில் இருப்பவர்களுக்கு முடி கொட்டினால் என்ன செய்வது என்று தமிழில் தேடியபோது எனக்குக் கிடைத்ததெல்லாம் வெங்காயச் சாறுதான். நான் டாக்டர் இல்லை. ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். அதனால் தேதி போட்டுக் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. அந்தக் குறிப்புகள்தான் இவை.

2020 பிப்ரவரியில் டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லில் ஆரம்பித்தோம். காலையில் குளித்ததும் ஒரு பாக்கெட்டைக் கிழித்துத் தோளிலும் மேல்கையிலும் தடவ வேண்டும். சாராய வாடை, பிசுபிசுப்பு. காய்ந்த பிறகு சட்டை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், தடவிய இடம் யார் மேலும் படக்கூடாது. ஆறாவது வாரத்தில் தூக்கம் தெளிந்தது. மூன்றாவது மாதத்தில் முகவாயில் முடி முளைத்தது. அது ஊரடங்குக் காலம், சலூன் எல்லாம் மூடல். தலைமுடி காதை மூடி வளர்ந்தது; கூடவே வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தாடி. வீடியோ மீட்டிங்கில் மேனேஜர் "என்னய்யா, காதல் தோல்வியா?" என்றார். முப்பத்து நான்கு வயதில் தாடி முளைக்கும் சந்தோஷம் எப்படிப்பட்டது என்று அவருக்கு விளக்க முடியாது. கண்ணாடி முன்னால் நின்று தடவித் தடவிப் பார்ப்பேன்.

அக்டோபரில் சலூன்காரத் தம்பி பின்மண்டையில் சீப்பை வைத்து ஒரு நொடி நிறுத்தினார். "அண்ணா, சுழிகிட்ட வெளிச்சம் தெரியுதுங்ணா." கையிலிருந்த சின்னக் கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினார். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் தெரிந்தது. சிகிச்சை ஆரம்பித்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். முடியை விழ வைப்பது நேரடியாக டெஸ்டோஸ்டிரோன் இல்லை. உடம்பில் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற என்சைம் இருக்கிறது. அது டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை டிஎச்டி என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றுகிறது. முகத்தில் தாடியை வளர்ப்பதும் அதே டிஎச்டிதான், உச்சந்தலையில் முடியை ஒடுக்குவதும் அதேதான். ஒரே ஆள், இரண்டு இடத்தில் இரண்டு குணம். தலையின் எந்தப் பகுதி அதற்குப் பயப்படுகிறது என்பது பிறவியிலேயே எழுதியிருக்கும். அதனால்தான் பிடரியிலும் காதோரத்திலும் முடி நிற்கிறது. சொட்டை விழுந்தவருக்கு ஆண் ஹார்மோன் அதிகம் என்று சொல்பவர்கள் உண்டு, அப்படி இல்லை. சராசரி அளவு இருந்தாலே போதும், மற்றதை மரபு பார்த்துக்கொள்ளும்.

அந்த மரபு அம்மா வழியில் வருகிறது என்பதும் பாதிதான் உண்மை. ஆண் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அப்படி ஒரு பேச்சு. ஆனால் வேறு பல மரபணுக்களும் சேர்ந்துதான் இதைத் தீர்மானிக்கின்றன, அவை அப்பாவிடமிருந்தும் வரும். மற்ற ஆண்களுக்காவது ஒரே எக்ஸ். எனக்கு இரண்டு. அந்தக் கூடுதல் எக்ஸ் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அப்பாவிடமிருந்து வருகிறது என்று படித்தேன். பெரியம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

2021 பிப்ரவரியில் பழனிக்குப் போனோம். மனைவியின் வேண்டுதல். மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்று மாமியார் வேறு சொல்லியிருந்தார். எனக்கும் மனசின் ஒரு மூலையில் அந்த ஆசை இருந்தது, மறுக்கவில்லை. தண்ணீர் தெளித்து, நாலு இழுப்பில் முடிந்தது. சந்தனம் பூசியதும் குளுகுளுவென்று இருந்தது. உண்மை தெரிந்தது பத்து நாள் கழித்து. மொட்டைத் தலையில் முடி தலைகாட்டும்போது காது மேலும் பிடரியிலும் கருகருவென்று தார் பூசியது மாதிரி வந்தது. உச்சியில் மட்டும் சாம்பல் நிறம். நடுவில் கோடு போட்டதுபோல் எல்லை. நீள முடி அதுவரை மறைத்து வைத்திருந்த வரைபடம் அது. அப்பாவின் தலையை அப்படியே சின்னதாக்கி என் மண்டையில் ஒட்டியிருந்தது.

மொட்டை அடித்தால் அடர்த்தி வராது. வேர் தோலுக்கு உள்ளே இருக்கிறது. கத்தி வெட்டுவது வெளியே இருப்பதை. வெட்டிய முனை மொட்டையாக இருப்பதால் கொஞ்ச நாள் தடிப்பாகத் தோன்றும், அவ்வளவுதான்.

இதை வைத்தே நான் ஒன்று கற்றுக்கொண்டேன். குளியலறையில் விழும் முடியை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் எடுத்து வைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஐம்பது, நூறு விழுவது எல்லாருக்கும் சகஜம். எண்ணிக்கையில் ஒன்றும் தெரியாது. என் தாளில் மூன்று வகை இருந்தது. நீளமான தடித்த முடி, அதன் முனை கத்தரி பட்டு மொட்டையாக இருக்கும். நடுத்தரம். அப்புறம் ஓர் அங்குலம்கூட இல்லாத, பூனைமுடி போல மெல்லிய ஒன்று. அதன் முனை ஊசிபோல் கூர்மை. கத்தரி வரைக்கும் வளரவே இல்லாமல் உதிர்ந்தது. வேர் ஒவ்வொரு சுற்றிலும் சின்னதாகிச் சின்னதாகி, முடி மெலிந்து குட்டையாகி வருகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தக் கூர்முனை முடிகளைப் பார்த்த அன்றுதான் இது வெறும் கொட்டல் இல்லை என்று எனக்கு உறைத்தது.

அடுத்த ஆறு மாதத்தை வீணாக்கினேன். அதையும் சொல்லிவிடுகிறேன். மாமியார் கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம் எல்லாம் போட்டுக் காய்ச்சிக் கொடுத்த எண்ணெய். மணம் அருமை, தூக்கம் நன்றாக வந்தது, முடிக்கு ஒன்றும் இல்லை. சின்ன வெங்காயச் சாறு. தலையணை உறையைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. கடைசியாக ஆபீஸ் நண்பன் சொல்லி பயோட்டின் மாத்திரை, தினம் பத்து மில்லிகிராம்.

பயோட்டின் ஒரு வைட்டமின்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். ஜூலையில் வழக்கமான ரத்தப் பரிசோதனை. டெஸ்டோஸ்டிரோன் 1,400ஐத் தாண்டி வந்தது. தைராய்டு டிஎஸ்எச் தரையைத் தொட்டிருந்தது. லேபில் ரிப்போர்ட்டை வாங்கிய கையோடு வியர்த்துவிட்டது. டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டு என் தலையைப் பார்த்தார். "முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" சொன்னேன். சிரித்தார். சில லேப் கருவிகளில் ஹார்மோனை அளக்க பயோட்டினையே ஒட்டும் பசைபோலப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் கணக்குக் குழம்பி, டெஸ்டோஸ்டிரோன் பொய்யாக ஏறியும் டிஎஸ்எச் பொய்யாக இறங்கியும் காட்டும். மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால் 540, தைராய்டும் சரி. அவர் கேட்காமல் இருந்திருந்தால் என் ஜெல் அளவைப் பாதியாகக் குறைத்திருப்பார்கள். ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர்கள் முடிக்கான வைட்டமின் எதைச் சாப்பிட்டாலும் ரத்தம் கொடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தப் பதிவை எழுதலாம் என்று தோன்றும்.

ஆகஸ்டில் தோல் டாக்டரிடம் போனேன். அவர் ஒரு சின்ன லென்ஸ் கருவியை உச்சியில் வைத்துத் திரையில் காட்டினார். ஒரே குழியிலிருந்து ஒரு தடித்த முடியும் ஒரு நூல் முடியும் அருகருகே. ஃபெரிட்டின், வைட்டமின் டி பார்த்தார். இரும்புச் சத்து குறைவு, அதற்கு மூன்று மாதம் மாத்திரை. பிறகு மினாக்ஸிடில் 5 சதவீதம், காலை ஒரு மில்லி, இரவு ஒரு மில்லி.

மினாக்ஸிடில் முதலில் ரத்தக் கொதிப்புக்கு வந்த மருந்து. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைக்கவே, தடவும் மருந்தாக 1988இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. டிஎச்டியோடு அதற்கு எந்தச் சண்டையும் இல்லை. வேருக்கு உரம் போடும், எதிரியை விரட்டாது. ஹார்மோன் ஏற்றிக்கொண்டே மினாக்ஸிடில் மட்டும் போடுவது, கீழே ஓட்டை உள்ள தொட்டியில் மேலே குழாயைத் திறந்துவிடுவது மாதிரி. எனக்கு அது அப்போது புரியவில்லை.

மூன்றாவது வாரத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதுமுடி கிளம்பும் கட்டம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், இருந்தாலும் பயந்துதான் போனேன். எட்டாவது வாரத்தில் நின்றது. தலையில் வெள்ளை வெள்ளையாய்ப் பொருக்கு, அரிப்பு. அந்தத் திரவத்தில் இருக்கும் புரொப்பிலீன் கிளைகால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. நுரை வடிவத்துக்கு மாறியதும் அரிப்பு போய்விட்டது. விலை கூடியது. வீட்டில் பூனை இருந்தால் கவனம்: இந்த மருந்து பூனைக்கு விஷம், தடவிய தலையை நக்கவோ தலையணையில் புரளவோ விடாதீர்கள். எங்கள் வீட்டுப் பூனைக்கு அதிலிருந்து படுக்கையறையில் தடை.

ஏழு மாதத்தில் உச்சியில் மெல்லிய முடி நிறைய வந்தது. நெற்றிக் கோணங்கள் அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தன. குழாயும் ஓட்டையும் அன்றைக்குப் புரிந்தது.

ஃபினாஸ்டரைடு பற்றிப் பேச்சு வந்தது 2022 மார்ச்சில். அந்த 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்சைமைத் தடுக்கும் மாத்திரை. தோல் டாக்டர் பழைய கதைகள் தெரிந்தவர். 1942இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், விதைகள் நீக்கப்பட்ட ஆண்களைப் பார்த்து எழுதினாராம். பருவம் வருமுன்பே நீக்கப்பட்டவர்களுக்குச் சொட்டையே விழவில்லை. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் சொட்டை உள்ளவர்களுக்கு விழ ஆரம்பித்தது. நிறுத்தினால் கொட்டுவது நின்றது. போன முடி திரும்பவில்லை. நான் வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். ஹாரி க்ளைன்ஃபெல்டர் என் நிலையைப் பற்றி முதன்முதலாக எழுதியதும் அதே 1942. ஒரே வருடத்தில் இரண்டு பேர், ஒருவர் என் முடி ஏன் அத்தனை நாள் நின்றது என்று எழுதியிருக்கிறார், இன்னொருவர் நான் யார் என்று எழுதியிருக்கிறார். எண்பது வருடம் கழித்து நான் திருப்பூரில் உட்கார்ந்து அந்தப் பரிசோதனையை என் தலையிலேயே செய்துகொண்டிருந்தேன்.

இன்னொரு கதை 1974இல் வந்தது. டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில் இந்த என்சைம் பிறவியிலேயே வேலை செய்யாத ஆண்களை ஜூலியன் இம்பெரேட்டோ-மெக்கின்லி என்ற டாக்டரின் குழு ஆராய்ந்தது. டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருந்தது, டிஎச்டி மிகக் குறைவு. உடம்பு கட்டாக இருந்தது, குரல் உடைந்திருந்தது. சொட்டையோ விழவில்லை, புரோஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) சின்னதாகவே இருந்தது. இந்த மனிதர்களைப் பார்த்துத்தான் ஃபினாஸ்டரைடுக்கான யோசனையே வலுப்பட்டது. 1992இல் புரோஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் என்று அனுமதி பெற்று, 1997இல் முடிக்கு 1 மில்லிகிராம் என்று வந்தது. எனக்கு இதில் பிடித்த விஷயம்: டெஸ்டோஸ்டிரோனை விட்டுவிட்டு டிஎச்டியை மட்டும் பிடிக்கலாம். எலும்புக்கும் ரத்தத்துக்கும் வேண்டியது உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

பயம் வேறு இடத்தில் இருந்தது. இந்த மாத்திரையால் சிலருக்கு ஆசையும் விறைப்பும் குறையும், சிலருக்கு மனச்சோர்வு வரும் என்று உறையிலேயே போட்டிருக்கிறது. ஆரம்பகால ஆய்வில் நூற்றுக்கு நான்கு பேருக்குப் பாலியல் பக்கவிளைவு, மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் இரண்டு பேர். நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எந்தக் குறைக்காக ஹார்மோன் ஏற்றுகிறேனோ அதையே திரும்பக் கொண்டுவரும் மாத்திரையா? மனைவியிடம் பேசினேன். "உங்களுக்கு எது நிம்மதியோ அதைச் செய்யுங்க. சொட்டை எனக்குப் பிரச்சினையில்லை, நீங்க கண்ணாடி முன்னாடி நிக்கற நேரம்தான் பிரச்சினை" என்றாள்.

ஆரம்பித்தேன். அதே சமயத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. தத்தெடுப்புக்கான எங்கள் வரிசை நெருங்கிவிட்டது. கைக்குழந்தையைத் தூக்கும் தோளில் ஜெல் தடவக்கூடாது. குழந்தைகள் மேல் அது படுவதால் வரும் பாதிப்பைப் பற்றி 2009இலேயே அமெரிக்க மருந்துத் துறை கடும் எச்சரிக்கை போடச் சொல்லியிருக்கிறது. அதனால் ஊசிக்கு மாறினேன். 1000 மில்லிகிராம், நான்கு மில்லி எண்ணெய், இடுப்பில், மெதுவாக இரண்டு நிமிடம் ஏற்ற வேண்டும். அப்புறம் அரைமணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். இரண்டாவது ஊசி ஆறு வாரத்தில், பிறகு பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று. மூன்று நாள் உட்கார வலிக்கும், அவ்வளவே. தடவும் ஜெல் தோலில் உள்ள அதே என்சைமைக் கடந்து வருவதால் டிஎச்டியைச் சற்றுக் கூடுதலாகவே ஏற்றும். அதனால் முடிக்கும் ஊசி ஒருவகையில் நல்லது என்று டாக்டர் சொன்னார். எனக்கு எதனால் எவ்வளவு பலன் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே மாதத்தில் மாற்றியது ஒரு கணக்கன் செய்யக்கூடாத வேலை.

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, குளியலறை டியூப்லைட்டுக்குக் கீழே, தலை ஈரமில்லாமல், மனைவி ஸ்டூல் மேல் ஏறி ஒரு போட்டோ எடுப்பாள். அதே விளக்கு, அதே தூரம். கண்ணாடி தினமும் ஒரு பேச்சுப் பேசும், போட்டோ பேசாது. நான்காவது மாதம் மாற்றமில்லை. ஆறாவது மாதம் கொட்டல் குறைந்தது, தாளில் கூர்முனை முடிகள் அபூர்வம். பன்னிரண்டாவது மாதம் உச்சியில் நாணயம் போன இடம் ஓரளவு மூடியிருந்தது. நெற்றிக் கோணம் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. ஏறாமல் நின்றது. அதற்கே நான் திருப்தி.

பக்கவிளைவு? முதல் இரண்டு மாதம் ஆசை கொஞ்சம் மங்கியது போல் இருந்தது. உண்மையா, பயமா என்று தெரியவில்லை. பிறகு சரியானது. தாடி வளரும் வேகம் குறைந்தது. இது எனக்குக் கொஞ்சம் வருத்தம். இன்னொன்று, புரோஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ டெஸ்ட்டை இந்த மாத்திரை பாதியாக்கிக் காட்டும். டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவர்களுக்கு அந்த டெஸ்ட் முக்கியம். எனக்கு 0.6 இருந்தது 0.3 ஆனது. டாக்டர் இரண்டால் பெருக்கித்தான் எழுதுகிறார். உங்கள் ஹார்மோன் டாக்டருக்கும் தோல் டாக்டருக்கும் ஒருவர் கொடுப்பது இன்னொருவருக்குத் தெரியாமல் இருந்தால் இது எங்கேயோ தப்பாய் முடியும்.

ரத்தம் கெட்டியாவதும் இப்படித்தான். டெஸ்டோஸ்டிரோன் ஹீமட்டோகிரிட்டை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதத்தை, ஏற்றும். 54ஐத் தொட்டால் சிகிச்சையை நிறுத்தச் சொல்வார்கள். எனக்கு 2022 கடைசியில் 52 வந்தது. ரத்ததானம் செய்தால் குறையுமே என்று கம்பெனி முகாமில் வரிசையில் நின்றேன். என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டதும் திருப்பி அனுப்பினார்கள். ஃபினாஸ்டரைடு எடுப்பவர் கடைசி மாத்திரைக்கு ஒரு மாதம் கழித்துத்தான் ரத்தம் கொடுக்கலாம். அந்த ரத்தம் கர்ப்பிணிக்கு ஏறினால் வயிற்றில் உள்ள ஆண் சிசுவுக்கு ஆபத்து. நியாயம்தான். ஊசி இடைவெளியைப் பதினான்கு வாரமாக்கியதும் 48க்கு இறங்கியது.

2023இல் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மகள் வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, தூக்கமில்லை, மனசு சோர்ந்து கிடந்தது. இரவில் ஃபினாஸ்டரைடு பற்றிய பயங்கரக் கதைகளாகப் படித்து, சோர்வுக்கெல்லாம் மாத்திரைதான் காரணம் என்று யாரிடமும் சொல்லாமல் ஜூனில் நிறுத்தினேன். மனச்சோர்வு வந்தால் நிறுத்துவது தப்பில்லை. டாக்டரிடம் சொல்லாதது தப்பு. சோர்வு போகவில்லை. நவம்பர் போட்டோவில் நாணயம் திரும்பி வந்துவிட்டது, இந்த முறை ஐந்து ரூபாய் அளவு. மகள் இரவு முழுக்கத் தூங்க ஆரம்பித்ததும் சோர்வு தானாகப் போனது. 2024 ஜனவரியில் டாக்டரிடம் ஒப்புக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன், இந்த முறை திங்கள், புதன், வெள்ளி மட்டும். குறைந்த அளவிலேயே டிஎச்டி பெரும்பாலும் இறங்கிவிடும், தினமும் வேண்டியதில்லை என்று அவர் சம்மதித்தார். உச்சி மறுபடி ஓரளவு மூடியது. முன்பு இருந்த அளவுக்கு இல்லை.

நடுவில் ஒரு முடி நடும் இடத்துக்கும் போனேன். வரவேற்பறையில் காப்பி கொடுத்தார்கள், தலையில் மார்க்கரால் கோடு போட்டார்கள், 2,500 கிராஃப்ட் (பிடுங்கி நடும் முடிக்கொத்து) என்றார்கள், இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். நான் ஆயுசுக்கும் டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவன் என்பதை அவர்களாகக் கேட்கவே இல்லை. சொன்ன பிறகும் முகம் மாறவில்லை. பிடரியில் இருக்கும் முடி ஒரு சேமிப்புக் கணக்கு, எடுத்தால் எடுத்ததுதான். நட்ட முடி நிற்கும், அதைச் சுற்றிப் பழைய முடி விழுந்துகொண்டே போனால் நடுக்கடலில் தீவு மாதிரி நிற்கும். மருந்தால் நிலைத்த பிறகு யோசிக்கலாம் என்று வந்துவிட்டேன். இன்னும் யோசிக்கவில்லை.

சிகிச்சையையே விட்டுவிடலாமே என்று ஒரு சித்தப்பா கேட்டார். அவருக்கு எலும்பு ஸ்கேனைக் காட்டினேன். இடுப்பெலும்பு ஐந்து வருடத்தில் என் வயதுக்காரனுக்கு அருகில் வந்துவிட்டது. ஹீமோகுளோபின் 15. மாடிப்படியில் மகளைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன். அதை விட்டுக்கொடுத்து முடியைக் காப்பாற்ற எனக்கு மனசில்லை. உடற்பயிற்சிக்காக யாரோ கொடுத்ததை ஏற்றிக்கொள்ளும் ஜிம் பையன்கள் இதைப் படித்தால், உங்கள் கணக்கு வேறு. உங்களுக்கு எதையும் சரிசெய்ய வேண்டியதில்லை. அணு எண்ணிக்கையும் போகும், முடியும் போகும்.

இப்போதைய நிலவரம்: ஊசி பதினான்கு வாரத்துக்கு ஒன்று, ஃபினாஸ்டரைடு வாரம் மூன்று, மினாக்ஸிடில் நுரை இரவு மட்டும். காலை வேளையை விட்டுவிட்டேன், பொறுமை இல்லை. பொடுகு வந்தால் கீட்டோகோனசோல் ஷாம்பு. செலவில் நுரைதான் பெரிது, மாத்திரை மலிவு. நெற்றி ஏறிய இடத்திலேயே நிற்கிறது. உச்சியைத் தட்டி மகள் "அப்பா, இங்க காத்து வருமா?" என்று கேட்கிறாள்.

போன மாதம் சலூனில் அந்தத் தம்பி பழக்கத்தில் பல்லுக் கத்தரியை எடுத்துவிட்டார். கையில் வைத்தபடி என் தலையைச் சுற்றிப் பார்த்தார். திரும்ப மேசையில் வைத்துவிட்டு, "மீசைய மட்டும் கொஞ்சம் ஒதுக்கி விடட்டுங்களாண்ணா? அடர்த்தியாயிடுச்சு" என்றார்.